போதும்பொண்ணும் தீராவயிறனும்

முன்னொரு காலத்திலே, மலைக்கு வாயும் மரத்துக்குக் காதும் இருந்த காலத்திலே, செம்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டிலே ஒரு பெயர். பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். முதலில் அது ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அவளும் அது வேண்டாம் என்று அழுதாள். பிற்பாடு தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு அந்தப் பெயர்தான். அது எப்படி வந்தது, எப்படிப் பரவியது என்று சொல்கிறேன், பக்கத்தில் வந்து உட்காருங்கள். சின்னவர்கள் பெரியவர்கள் மடியில் உட்காரலாம். பெரியவர்களுக்குப் பயமாக இருந்தால் சின்னவர்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்.

செம்பாறை நாட்டின் தலைநகரத்திலே ஆவுடையப்பன் என்று ஒரு வளையல்காரர் இருந்தார். அவர் மனைவி பெயர் குழல்வாய்மொழி. முதலில் ஒரு பெண் பிறந்தது. உலகம்மை என்று பெயர் வைத்து ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்கள். இரண்டாவதும் பெண். முத்துவடிவு என்று பெயர் வைத்துத் தெருவுக்கு மட்டும் வெல்லம் கொடுத்தார்கள். மூன்றாவதும் பெண். சண்பகம் என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை.

நாலாவது பிள்ளை பிறந்த அன்று ஆவுடையப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மருத்துவச்சி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"பொண்ணு," என்றாள்.

"பொண்ணா? போதும்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மருத்துவச்சி உள்ளே திரும்பி, "தாயே, பேரு வச்சாச்சு. போதும்பொண்ணு!" என்றாள்.

அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். 'இனிமேல் பெண் வேண்டாம்' என்பது அதற்குப் பொருள்.

போதும்பொண்ணு வளர்ந்தாள். தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால், "போதும், போதும், போ தூரம்!" என்று பாடுவார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள், "போதும், உனக்குச் சோறு போதுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அம்மாவுக்கே அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சம். "ஏ பொண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அவள் அழுதுகொண்டு வந்தால் பெரியக்கா மடியில் போட்டுத் தலையைக் கோதிவிடுவாள். நடுவக்கா மூக்கைத் துடைத்துவிடுவாள். சின்னக்கா தெருவில் இறங்கி அந்தப் பிள்ளைகளைக் கல்லால் அடிப்பாள்.

கவனித்தீர்களா? பெரியக்கா, நடுவக்கா, சின்னக்கா. போதும்பொண்ணு அவர்களை அப்படித்தான் கூப்பிடுவாள். அக்காளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊரிலும் வழக்கமில்லை. உலகம்மை என்றோ முத்துவடிவு என்றோ சண்பகம் என்றோ அவள் நாக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு கோடைகாலம். உச்சிப்பொழுது. நிழல் காலுக்குள் ஒளிந்துகொள்ளும் நேரம். காக்கை கூடக் கரையவில்லை. குழல்வாய்மொழி ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பின்கட்டில் உலகம்மை தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அப்போது வடக்கே இருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"உலகம்மை..."

பின்னுகிற விரல்கள் நின்றன.

"உலகம்மை..."

சீப்பு கீழே விழுந்தது.

"உலகம்மை..."

"வர்றேம்மா," என்று எழுந்து நடந்தாள் உலகம்மை. அவள் கண் எதையும் பார்க்கவில்லை. வேலிப் படலை அவள் கை தொடவில்லை, அதுவே திறந்துகொண்டது. பாதிப் பின்னலோடு போதும்பொண்ணு வாசலுக்கு ஓடினாள். தெற்கே ஆற்றுப் பாதையில் அம்மா இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா! வடக்கே நின்னு பெரியக்காவைக் கூப்பிட்டது நீ இல்லையா?"

குழல்வாய்மொழி குடத்தை இறக்கி வைத்தாள். "பெரியக்காவா? யாருடி அது?"

"உன் மூத்த மகள்மா!"

"வெயில்ல உச்சந்தலை காய்ஞ்சு போச்சா உனக்கு? என் மூத்த மகள் முத்துவடிவு. அவ உள்ளே தூங்குறா." கீழே கிடந்த சீப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது. "இது யாரு சீப்பு?" என்றாள்.

சாயங்காலம் ஆவுடையப்பன் மூட்டையிலிருந்து ஒரு ஜோடி பச்சை வளையலை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இதை யாருக்குன்னு எடுத்து வச்சேன்?" என்றார். அதைத் திரும்ப மூட்டைக்குள்ளேயே வைத்தார்.

அடுத்து நடுவக்கா. உச்சிப்பொழுது, நிழல் காலுக்குள் ஒளிந்துகொள்ளும் நேரம், கிணற்றில் நீர் சேந்திக்கொண்டிருந்தாள். "முத்துவடிவு..." என்று மூன்று முறை அம்மாவின் குரல் வந்தது. அம்மாவோ அடுப்படியில் இருந்தாள். கயிற்றை விட்டாள் முத்துவடிவு. வாளி கிணற்றுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

மூன்றாவது சின்னக்கா. போதும்பொண்ணு அவள் காதில் பஞ்சை அடைத்தாள். தன் பாவாடை நுனியையும் அக்கா பாவாடை நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "சண்பகம்..." என்று மூன்று முறை வந்தது குரல். பஞ்சு தானாக வெளியே வந்து விழுந்தது. முடிச்சு பாம்பு நெளிவது போல நெளிந்து அவிழ்ந்தது. போதும்பொண்ணு தரையில் இழுபட்டுக்கொண்டே தெரு முனைவரை போனாள். அங்கே பிடி நழுவிவிட்டது.

"சின்னக்கா! சின்னக்கா!" என்று கத்தினாள். தெருவில் நின்றவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பாவம், கூடப் பிறந்தவங்க இல்லாத பிள்ளை. தனியா விளையாடி விளையாடிப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்றார்கள்.

அவளுக்கு மட்டும் ஏன் மறக்கவில்லை? பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் பேரோடு சேர்த்து ஆளையும் மறந்தார்கள். அவள்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே! அக்கா என்ற சொல்லை யாராலும் அவளிடமிருந்து எடுக்க முடியவில்லை.

அந்த வீட்டில் மட்டுமா? ஊரெங்கும் கொடிகளில் சின்னச் சின்னப் பாவாடைகள் காய்ந்தன. எடுத்து மடிக்க ஆளில்லை. தாய்மார்கள் வெறும் மடியைத் தட்டிக்கொண்டு தாலாட்டு முனகினார்கள். பிறகு திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அரண்மனையில் ஒரு தங்க ஊஞ்சல் தொங்கியது. ராஜா காலையில் எழுந்ததும் போய் அதை ஒரு தரம் ஆட்டிவிடுவார். ஏன் என்று அவருக்கே தெரியாது. கண்ணீர் மட்டும் வரும்.

ஆவுடையப்பன் விற்காத மூட்டையோடு வீடு திரும்பினார். "சின்னக் கைக்கு ஆகிற வளையலா வாங்கி வச்சிருக்கேன். இந்த ஊரில் சின்னப் பிள்ளை ஏது?" என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த போதும்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் மிச்சமிருந்த ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் தெரு நடுவே போய் நின்றாள். "என்னையும் கூப்பிடு! எங்க அக்காமார் இருக்கிற இடத்துக்கு நானும் வர்றேன்!" என்று வடக்கே பார்த்துக் கத்தினாள். குரல் வரவில்லை. அடுத்த நாளும் நின்றாள். வரவில்லை. அதற்கடுத்த நாளும் நின்றாள். வரவில்லை. 'பிள்ளை பிடிக்கிறவனுக்குக்கூட நான் வேண்டாமா?' என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"கூப்பிடலேன்னா என்ன? நானே போறேன்," என்று கிளம்பினாள்.

"எங்கேடி போறே?" என்றாள் குழல்வாய்மொழி.

"அக்காமாரைத் தேடி."

"இல்லாதவங்களை எங்கேடி தேடுவே?"

"இல்லைன்னா, நீ ஏம்மா சாப்பாட்டு நேரத்துக்கு ஆறு இலை போடுறே? நாம மூணு பேர்தானே?"

குழல்வாய்மொழி இலைகளைப் பார்த்தாள்.  மெதுவாக உள்ளே போனாள். அவலும் வெல்லமும் ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து மகள் கையில் வைத்தாள். "ஏ பொண்ணு, பார்த்துப் போ," என்றாள். காரணம் தெரியாமலே வாசல்வரை கூட வந்து நின்றாள்.

வடக்கே ஊமைக்குன்று. அந்தக் குன்றில் புல் உண்டு, ஆடு மேயாது. மரம் உண்டு, பறவை அடையாது. கல்லைத் தூக்கிப் போட்டால் சத்தம் வராது. நடு உச்சியில் பாறை பிளந்து, கொட்டாவி விட்ட வாய் போல ஒரு வாசல். போதும்பொண்ணு உள்ளே போனாள்.

உள்ளே ஒரு சமையல்கட்டு. ஒரு ஊரே உட்காரலாம், அவ்வளவு பெரிது. அடுப்பு அடுப்பாக எரிந்தது. பெண்பிள்ளைகள் உலக்கை போட்டார்கள், அம்மி அரைத்தார்கள், உலை வைத்தார்கள், வடித்தார்கள். உலக்கைக்குச் சத்தம் இல்லை. அம்மிக்குச் சத்தம் இல்லை. கை அசைந்தது, வளையல் குலுங்கவில்லை. எல்லாருக்கும் கண் திறந்திருந்தது. ஒருத்திக்கும் இமை அசையவில்லை. அடுப்பு வெளிச்சத்தில் சுவரில் பானைகளின் நிழல் ஆடியது. பிள்ளைகளின் நிழல் மட்டும் இல்லை.

ஆட்டுக்கல்லின் முன்னே பெரியக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றாள் போதும்பொண்ணு.

சுற்றிக்கொண்டிருந்த குழவி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"உச்சு, உச்சு, உச்சு," என்று சுவரில் ஏதோ கொட்டியது. முழங்கை நீளத்துக்கு ஒரு கிழட்டுப் பல்லி. உடம்பெல்லாம் வெளுத்து, கண் மட்டும் கறுப்பாக இருந்தது.

"அவன் கூப்பிடாமல் இங்கே யாரும் வந்ததில்லையே. நீ யார்?" என்றது பல்லி.

"இவங்க தங்கச்சி. அவன்னா யாரு?"

"தீராவயிறன். அவனும் ஒரு காலத்தில் பிள்ளைதான். பஞ்சத்தில் பிறந்த பிள்ளை. அவன் அம்மா கடைசிப் பிடிச் சோற்றை அவனுக்கு ஊட்டிவிட்டு இந்தப் பாறையில்தான் செத்துப்போனாள். நான் அப்போதும் இந்தச் சுவரில்தான் இருந்தேன். அவன் மலைத்தெய்வத்தைக் கூப்பிட்டு அழுதான். 'நானே போதும் என்று சொல்கிறவரை எனக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கணும்' என்று வரம் கேட்டான். 'சரி, உன் வாயால் மூன்று முறை அதைச் சொல்கிறவரை வரும்' என்றது தெய்வம். இனி பட்டினி இல்லை என்று குதித்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்குப் பயம். சொன்னால் பஞ்சம் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். சாப்பிட்டான், சாப்பிட்டான், சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். வயிறும் அவனும் ஒருவரையொருவர் தின்ன ஆரம்பித்தார்கள். சோறு ருசிக்காமல் போனது. அப்போதுதான் தாய்மார் ஆசையாகக் கூப்பிடுகிற பெயர்கள் காற்றில் வந்து அவன் காதில் விழுந்தன. அந்தப் பெயரைத் தின்று பார்த்தான். இனித்தது."

"பேரைத் தின்னா?"

"பேர் அவன் வயிற்றில். ஆள் அவன் அடுப்படியில். அந்த ஒரு சொல்லை அவன் சொல்லவும் போவதில்லை, இவர்கள் வெளியே போகவும் போவதில்லை." பல்லி தலையைச் சாய்த்தது. "ஆமாம், உன் பேர் என்ன?"

"போதும்பொண்ணு."

பல்லியின் வால் பட்டென்று அறுந்து கீழே விழுந்து துடித்தது.

அந்த நேரம் உள்ளறையிலிருந்து, "இன்னும்..." என்று ஒரு குரல் வந்தது. குழந்தைகள் அத்தனை பேரும் பானைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். போதும்பொண்ணும் அவர்களோடு போனாள்.

அவன் மலை போல இருப்பான் என்று நினைத்திருந்தாள். இல்லை. குச்சி போல இருந்தான். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. வாய் மட்டும் பெரிது. அவன் முன்னே தெரு நீளத்துக்கு இலை. கொட்டக் கொட்டச் சோறு மறைந்தது.

"இன்னும்," என்றான். கொட்டினார்கள். "இன்னும்," என்றான். கொட்டினார்கள். "இன்னும்."

போதும்பொண்ணைப் பார்த்ததும் அவன் கை பாதியில் நின்றது.

"வளையல்காரர் வீட்டுக் கடைசிப் பிள்ளை," என்றான். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு தாயின் குரலில் வந்தது.

"தெரியுதுல்ல? தெரிஞ்சும் ஏன் கூப்பிடலை?"

"உன் பேரில் ருசி இல்லை. அது ஆசை இல்லாமல் வைத்த பேர்."

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தும் அசையாமல் நின்றாள்.

"உனக்கும் அது பிடிக்காதே?" என்று அவன் முன்னால் குனிந்தான். "நான் ஒரு நல்ல பேர் தருகிறேன். கனகவல்லி. உன் எடைக்கு எடை பொன் வைத்தாலும் போதா... பற்றாது என்று சொல்கிற பேர். வைத்துக்கொள்கிறாயா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டதை அவள் கவனித்தாள். "வேண்டாம்," என்றாள்.

"அமுதரசி. கேட்டவர்கள் இன்னொரு முறை சொல் என்று கேட்பார்கள். வைத்துக்கொள்கிறாயா?"

"வேண்டாம்."

மூன்றாவது பெயரை அவன் சொல்லவில்லை, கூப்பிட்டான். அவள் அம்மாவின் குரலில் கூப்பிட்டான். "தவமணி... நான் தவமிருந்து பெத்த தவமணி... இங்கே வாடா கண்ணு..."

அவள் கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. 'வர்றேம்மா' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. இப்படி ஒரு தரம் கூப்பிட மாட்டாளா என்று எத்தனை நாள் படுக்கையில் கிடந்து ஏங்கியிருக்கிறாள்! கண்ணில் நீர் முட்டியது.

"எங்க அம்மா என்னை ஒரு நாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை," என்றாள். "ஏ பொண்ணுன்னுதான் கூப்பிடுவா. அதனால நீ எங்க அம்மா இல்லை. தவமணி நல்ல பேருதான். ஆனா தவமணி எங்க பெரியக்கா மடியில படுத்து அழுததில்லை. எங்க சின்னக்கா தவமணிக்காகக் கல்லெறிஞ்சதில்லை. அது நான் இல்லை. நான் வேணும்னா, என் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

அவன் பற்களை நறநறவென்று கடித்தான். குகையே இருண்டது.

நின்று நின்று அவளுக்குக் கால் வலித்தது, பசித்தது. அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு அவலை மென்றாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பிடி எடுத்து அவன் இலையில் வைத்தாள். தின்றான். "இன்னும்," என்றான். இன்னொரு பிடி வைத்தாள். "இன்னும்," என்றான். இன்னொரு பிடி வைத்தாள். கடைசிப் பிடியை அவள் தின்றாள், தண்ணீர் குடித்தாள், ஒரு ஏப்பம் விட்டாள்.

"அது என்ன சத்தம்?" என்றான் தீராவயிறன்.

"ஏப்பம். வயிறு நிறைஞ்சா வரும்."

"நிறைந்தால்... எப்படி இருக்கும்?"

அவள் யோசித்தாள். "மழை விட்டதும் முற்றம் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்."

அவன் தன் ஒட்டிய வயிற்றைத் தடவிப் பார்த்தான். பிறகு அவன் கண்ணில் பசி பற்றிக்கொண்டது. ஊரில் அத்தனை பிள்ளைகளும் வந்தாயிற்று. இந்த ஒருத்தி, வயிறு நிறைந்த இந்த ஒருத்தி, எட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். அது அவனுக்குத் தாங்கவில்லை. 'மூன்று முறை சொன்னால்தானே வரம் போகும்? இரண்டு முறை கூப்பிடுவேன். அருகே வந்ததும் கையால் பிடித்துக்கொள்வேன்' என்று கணக்குப் போட்டான்.

"போதும்பொண்ணு!" என்றான்.

அடுப்புகள் அத்தனையும் அணைந்தன. அவள் எழுந்து நின்றாள்.

"போதும்பொண்ணு!"

பின்னால் எங்கோ ஒரு வளையல் குலுங்கியது. பிள்ளைகளின் இமைகள் அசைந்தன. அவள் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் வந்து நின்றாள். அவன் பாய்ந்து பிடித்தான். விரல்கள் காற்றைப் பிடித்தது போல அவளுக்குள் புகுந்து வெளியே வந்தன. அந்தக் குளிர் அவள் எலும்பில் ஏறியது.

"எங்க ஊர்ல மூணு தடவை கூப்பிட்டாத்தான் போவாங்க," என்றாள். 

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளே பசி முட்டியது. கை நடுங்கியது, தோள் நடுங்கியது, பாறை நடுங்கியது. விரலிடுக்கு வழியே அவன் தின்ற பெயர்களெல்லாம் முனகின. அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே என்னவோ போலவும் இருந்தது. கல்யாணப் பந்தி வாசலில் உள்ளே விடாமல் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இப்படித்தான் நடுங்கும். அவள் கிட்டே போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"ரொம்பப் பசிச்சுதா?" என்று கேட்டாள்.

அவனை அப்படிக் கேட்ட கடைசி ஆள் அவன் அம்மாதான். அவன் கைகள் மெல்ல இறங்கின. அவளை உற்றுப் பார்த்தான். மூன்றாம் முறை அவன் அவளைக் கூப்பிடவில்லை. யாருடைய தாயின் குரலிலும் பேசவில்லை. ஒரு சின்னப் பையனின் குரல், அவனுடைய சொந்தக் குரல், மறந்தே போயிருந்த குரல்:

"போதும்," என்றான்.

காற்று நின்றது. இலையின் முன்னே எலும்பும் தோலுமாக ஒரு சின்னப் பையன் சுருண்டு படுத்திருந்தான். ஒரு பெரிய மூச்சு விட்டான். அடுத்த மூச்சில் அவனும் இல்லை. இலையில் ஒரு பிடி அரிசி கிடந்தது.

உடனே குகை முழுக்கத் தாய்மாரின் குரல்கள் வெடித்தன. நூறு குரல், நூறு பெயர், ஒரே நேரத்தில். ஒவ்வொரு பெயரும் பறந்து பறந்து தன் பிள்ளையைத் தேடியது. பெயர் வந்து சேர்ந்த பிள்ளைக்குக் கண் இமைத்தது, காலடியில் நிழல் விழுந்தது. உலக்கைகள் சத்தம் போட்டன, பானைகள் உருண்டன, பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள்.

உலகம்மை குழவியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, இப்படியா தலைவிரி கோலமா ஊர் சுத்துவே?" என்று தங்கையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முத்துவடிவு அவள் மூக்கைத் துடைத்தாள். சண்பகம், "எங்கே அவன்?" என்று கல்லைத் தேடினாள்.

ஊரிலே குழல்வாய்மொழி இலை போட்டுக்கொண்டிருந்தவள், கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ என் உலகம்மை! என் முத்து! என் சண்பகம்!" என்று தெருவுக்கு ஓடி வந்தாள். எல்லா வீட்டிலிருந்தும் எல்லாத் தாய்மாரும் ஓடி வந்தார்கள். ராஜா செருப்பில்லாமல் ஓடி வந்தார். வடக்குப் பாதையில் புழுதி கிளம்பியது. பிள்ளைகள் வந்தார்கள். யார் பிள்ளையை யார் தூக்கினார்கள் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நடந்ததைக் கேட்ட ராஜா, தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை பிள்ளைகளை மீட்டவளுக்கு இப்படி ஒரு பெயரா? அம்மா, உனக்கு எந்தப் பெயர் வேண்டுமோ கேள். பொன் தகட்டில் எழுதி ஊரறிய வைக்கிறேன்."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "மாத்திக்கோ தாயே. அன்னைக்கு நான் சொன்னது பேரே இல்லை. எரிச்சல்ல துப்பினது. என்னாலதான் நீ இத்தனை நாள் அழுதே," என்றார்.

போதும்பொண்ணு அப்பாவின் கையைப் பிடித்தாள். "நீங்க அன்னைக்கு என்ன நினைச்சுச் சொன்னீங்களோ, அது எனக்குத் தெரியும்பா. இன்னைக்கு ஒரு தடவை கூப்பிடுங்க. என்ன நினைச்சுக் கூப்பிடுறீங்கன்னு பார்ப்போம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நாலு மகள்கள் நின்றார்கள். "போதும்..." என்று ஆரம்பித்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். "போதும்பொண்ணு," என்று சொல்லிமுடித்தார். "இதுக்கு மேல எனக்கு என்ன வேணும் தாயே?"

"அப்ப இதே பேரு இருக்கட்டும்," என்றாள் அவள்.

அந்த வருஷம் குயவர் தெருவில் இசக்கி என்று ஒருத்திக்குப் பெண் பிறந்தது. பத்து ஊர்க் கோயில் சுற்றி, பிள்ளை இல்லை இல்லை என்று ஏங்கிப் பெற்ற முதல் பிள்ளை. அவள் வளையல்காரர் வீட்டுக்கு வந்து, "உன் பேரை என் பிள்ளைக்கு வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"முதல் பிள்ளைக்கா? ஊர் சிரிக்காதா அக்கா?" என்றாள் போதும்பொண்ணு.

"சிரிச்சா சிரிக்கட்டும். இவ முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சொல்தான் வாயில வருது," என்றாள் இசக்கி.

அப்புறம் தச்சர் தெருவில் ஒருத்தி வைத்தாள். அப்புறம் அரண்மனையில் ராணி தன் இரண்டாவது மகளுக்கு வைத்தாள். ராணி வைத்த பிறகு கேட்கவா வேண்டும்? பேர் காட்டுத்தீ போலப் பரவியது. கிணற்றடியில் நின்று "போதும்பொண்ணு" என்றால் பத்துத் தலை திரும்பும். நெட்டைப் போதும், கட்டைப் போதும், குயவர் வீட்டுப் போதும், ராணி வீட்டுப் போதும் என்று அடைமொழி வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தெருப் பிள்ளைகள் அந்தப் பழைய பாட்டைப் பாடப் பார்த்தார்கள். பாடுகிறவர்களிலேயே பாதிப்பேருக்கு அந்தப் பெயர் இருந்ததால் பாட்டு செத்துப்போனது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரி, சந்தையில் இந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, "அடப்பாவமே, இந்த நாட்டில் இத்தனை பெண்களும் வேண்டாத பிள்ளைகளா?" என்று ஒரு தாயிடம் கேட்டாராம். அவள் இடுப்பிலிருந்த மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க ஊர்ல யாருக்கும் வயிறு நிறைஞ்சதே இல்லையா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கதை இவ்வளவுதான். அவர்கள் வீட்டில் அன்று உலை கொதித்தது, நம் வீட்டில் இன்று கொதிக்கிறது. எழுந்து கை கழுவுங்கள், சாப்பிடப் போகலாம்.